ஓமமும் வாலையும்

எண்ணெய் என்றதும் யாழ்ப்பாணத்தவராகிய நம் நினைவுக்கு வருவது செக்கே. எள்ளையும் இலுப்பை விதையையும் ஆட்டினோம். அடுக்களைக்கும் கோயில் விளக்குக்கும் அது போதியதாயிற்று. ஆனால் ஓமத்தின் காரமும் மணமும் செக்குக்கு அகப்படா. அவற்றைப் பிரித்தெடுக்க நம் சித்த வைத்தியர்கள் கைக்கொண்ட கருவி வாலை.

இடித்த ஓமத்தை நீரிலிட்டுக் கொதிக்க வைப்பர். மேலெழும் ஆவி மணநெய்யையும் உடன் ஏந்திச் செல்லும். மேற்கலத்துக் குளிர்நீர் அவ்வாவியைத் தணித்துத் துளித்துளியாய் இறக்கும். ஆச்சிமார் குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்குப் புகட்டும் ஓமத்தண்ணீர் இவ்வாறு இறக்கிய தீநீரே. 100 இறாத்தல் ஓமத்தில் மிதந்து சேரும் எண்ணெய் 2 முதல் 4 இறாத்தல்தான். அதைக் குளிரவைத்தால் பளிங்குபோற் படிவது ஓமப்பூ. மேனாட்டார் தைமோல் என்பர்.

1914 வரை இந்திய ஓமம் மூடை மூடையாக ஜேர்மனிக்குக் கப்பலேறி, தைமோலாகத் திரும்பியது. நம் சரக்கை நாமே விலைகொடுத்து வாங்கினோம்! வாலை நம்மிடம் இருந்தது. அதை ஆலையாக்கும் முயற்சிதான் இருக்கவில்லை. முதலாம் உலகப் போர் மூண்டு கடல்வழி அடைபட்டபின்பே இந்தியாவில் தைமோல் உற்பத்தி தொடங்கியது.

தட்டுப்பாடு வந்த காலமும் பொல்லாதது. கொக்கிப்புழுவை வெளியேற்ற அந்நாளில் பெரிதும் நம்பப்பட்ட மருந்து தைமோல். 1916 இல் றொக்பெல்லர் தாபனத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, தோட்டங்களில் இரத்தம் வற்றிச் சோர்ந்து கிடந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே. பின்னர் தைமோலின் இடத்தை அமெரிக்கப் பூண்டொன்றிலிருந்து எடுத்த செனோப்போடியம் எண்ணெய் பெற்றது. அதுவும் ஆவியால் வடித்து இறக்கியதே.