ஓசூரிலிருந்து மனு போன தூரம்

ஓய்வு பெற்றவனுக்கு நல்ல கையெழுத்து இருந்தால் தெருக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். "சார், ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குடிதண்ணீர் சரியாக வரவில்லை என்று ஏதாவது ஒன்று. சில வருடங்களாக இப்படி எழுதிக் கொடுத்ததில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் அந்தக் காலத்தில் தங்கள் குறையை யாரிடம் சொன்னார்கள்? அதற்கு எவ்வளவு தூரம் போனார்கள்? படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி அதில் அடக்கம். ஓசூர்ப் பக்கம் கம்பெனி கைக்குப் போனது 1799-இல், திப்பு வீழ்ந்த பிறகுதான். பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல், ஒவ்வொரு உழவரோடும் நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவெடுத்தது.

அந்த முறையில் வருடா வருடம் கணக்கு முடிக்க ஜமாபந்தி நடக்கும். சொல் பாரசீகத்திலிருந்து வந்தது, கம்பெனிக்கும் முந்தியது. வேலை என்னவோ வரிக் கணக்குப் பார்ப்பதுதான். ஆனால் துரை வந்து உட்கார்ந்திருக்கும்போது ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஏரி உடைந்தது, பாதையை அடைத்துவிட்டான் என்று எல்லாவற்றையும் அங்கேயே சொன்னார்கள். இன்றும் பசலி ஆண்டு முடியும் தறுவாயில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை என்று தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. பட்டா கேட்பவர்களுக்கு நடுவே தெருக்குழாய்க்கும் சாலைக்கும் மனு கொடுப்பவர்களைப் பார்க்கலாம். வரி வாங்க வந்தவரிடமே குறை சொல்லிப் பழகிய பழக்கம் இது. நாம் தேர்ந்தெடுத்தவரிடம் கேட்கும் பழக்கம் பின்னால்தான் வந்தது, அதுவும் விட்டு விட்டு வந்தது.

தேர்ந்தெடுத்தவர் என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அக்ரகாரத்துத் தண்ணீர்க் குழாய் வேலைக்கு அவர் ஒரு தாழ்த்தப்பட்ட தொழிலாளியை நியமித்தபோது எதிர்ப்பு கிளம்பியதையும், அவர் அசைந்து கொடுக்காததையும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதுவும் ஒரு நகராட்சியிடம் வந்த புகார்தான். எல்லாப் புகாரையும் ஏற்பது நிர்வாகம் ஆகாது. நியாயமில்லாத புகாரை முகத்துக்கு நேரே மறுக்கவும் ஒருவர் நாற்காலியில் இருக்க வேண்டும்.

இனி தூரக் கணக்குக்கு வருகிறேன். நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தவரை கலெக்டரைப் பார்க்க ஓசூர்க்காரர் சுமார் 160 கிலோமீட்டர் போக வேண்டும். 1965 அக்டோபர் 2-இல் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. தூரம் 95 கிலோமீட்டராகக் குறைந்தது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது, 50 கிலோமீட்டர் ஆனது. ஓசூரிலேயே சப் கலெக்டர் அலுவலகம் உண்டு என்றாலும், "கலெக்டர் கையிலேயே கொடுத்தால்தான் நடக்கும்" என்ற நம்பிக்கை நம் ஜனங்களை விட்டுப் போகவில்லை.

அந்த நம்பிக்கையை வளர்த்தவை இரண்டு. ஒன்று 1969-இல் கலைஞர் முதல்வரானபோது வந்த மனுநீதித் திட்டம். அதிகாரியே கிராமத்துக்குப் போய் மனு வாங்குவது. மற்றொன்று திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டம். கிருஷ்ணகிரியில் அன்று காலை வாசலில் நின்றால் நான்கு மொழி காதில் விழும். பாட்டி தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லுவார், எழுதுகிறவர் அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பார். பாட்டியின் கோபமெல்லாம் "தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன்" என்று மாறிவிடும்.

மனு உள்ளே போனதும் என்ன ஆகிறது? கலெக்டர் சாக்கடையைத் தூர்வார முடியாது. மனுவின் மேல் ஒரு வரி எழுதிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார். அதாவது, எந்த அலுவலகத்தின் மேல் குறை சொன்னோமோ அங்கேயே காகிதம் திரும்பி வரும். முன்பு நான் குடியிருந்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) சாலையோரச் சாக்கடைக்காக மனு கொடுத்தோம். "இது நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது" என்று ஒரு பதில் வந்தது. அங்கே கொடுத்தால் "இது உள்ளாட்சியைச் சேர்ந்தது" என்று இன்னொரு பதில். இரண்டு பேருடைய கணக்கிலும் மனு "முடிக்கப்பட்டது". சாக்கடை மட்டும் அப்படியே இருந்தது.

இதைச் சிரித்துக் கடந்துவிடவும் முடியாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டது. அதற்குப் பின் திங்கட்கிழமைகளில் வாசலில் போலீஸ் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது.

நம் ஊரில் காகிதம் இப்படிச் சுற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிப்காட் வந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் பெருகியபோது வெளியூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி போன்ற கிராமங்கள் வரிசை வீடுகளாக மாறின. அந்தக் காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1986-இல். அடுத்த தேர்தல் 1996-இல்தான். பிறகு ஒழுங்காக நடந்து வந்தது 2016-இல் மறுபடி நின்றது. அந்த வருடம் அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, நகரங்களில் 2022 வரை தனி அதிகாரிகள் ஆட்சிதான். 2019 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சி ஆனபோது அங்கே ஒரு கவுன்சிலர்கூட இல்லை! 2022 பிப்ரவரி 19-இல்தான் 45 வார்டுகளுக்கும் வாக்களித்தோம். பழுதான தெருவிளக்குக்கு அடுத்த தெருவில் இருக்கும் கவுன்சிலரைக் கேட்க வழியில்லாத வருடங்களில் ஜனங்கள் கலெக்டரைத் தேடி பஸ் ஏறியதில் என்ன ஆச்சரியம்?

கவுன்சிலர் இருந்தும் தீராத குறை ஒன்றும் நமக்கு உண்டு. அது தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு பக்கத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, கொடியாளம் வழியாக நம் எல்லைக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை மலை போலப் பொங்குகிறது. விவசாயிகள் மனு கொடுக்கிறார்கள், நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரைச் சோதிக்கிறது. கழிவை விடுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க அதற்கு எல்லை தாண்டி அதிகாரம் இல்லை. பெங்களூரு நமக்கு 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஓசூர்க்காரரின் மனு போய்ச் சேர முடியாத ஊர் அது ஒன்றுதான்.

இப்போது வழிகள் ஏராளம். 1100 என்ற எண், 2023-இல் 'மக்களுடன் முதல்வர்', 2025-இல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள். நல்லதுதான். ஆனால் இவை எல்லாமே மேலே வாங்கிக் கீழே அனுப்பும் வழிகள். கீழேயே முடிக்கும் வழி ஒன்றும் வந்திருக்கிறது. கிராமசபை போல நகரங்களில் பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் கூட்டுகிறார்கள். அதில் கவுன்சிலர் நம் எதிரில் உட்கார வேண்டும். "பார்க்கிறோம்" என்று அவர் சொன்னால் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் அதற்குச் சாட்சி.

மனு எழுதிய அனுபவத்தில் சில யோசனைகள் சொல்கிறேன். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். வார்டு எண், தெரு, எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிடுங்கள். ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள். "முடிக்கப்பட்டது" என்று பதில் வந்து வேலை நடக்காவிட்டால், 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் "என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், யார் ஆய்வு செய்தார்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த பகுதி சபை என்று என்று விசாரித்துப் போங்கள். பத்துப் பேராகப் போனால் இன்னும் நல்லது.