வேலையின்மையும் உள்ளமும்



வறியவன் ஏன் வறியவனாக இருக்கிறான்? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியுள்ளது.

1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தன் ஏழையர் சட்டத்தைத் திருத்தியது. உடல் வலிமையுள்ளோர் உதவி நாடினால் ஏழையர் பணிமனையினுள் புகுந்தே அதனைப் பெறுதல் வேண்டும். அங்குள்ள வாழ்வு, வெளியே உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வினும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. வறுமைக்குச் சோம்பலே காரணம் என்னும் எண்ணம் அதனுள் மறைந்திருந்தது.

ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றபின், அறிஞர் சிலர் வினாவையே மாற்றிக் கேட்டனர். ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்னும் சிற்றூர் உள்ளது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவ்வூரின் நெசவாலை மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கிருந்த 478 குடும்பங்களின் நிலையை ஆராய்ந்து, 1933-இல் நூலாக வெளியிட்டனர். ஓய்வு பெருகியும் அவ்வூரில் படிப்புப் பெருகவில்லை. நூலகக் கட்டணத்தை நீக்கிய பின்னரும், நூல்களை எடுத்துச் செல்வது குறைந்தது. தெருவில் ஆடவர் நடக்கும் நடையும் தளர்ந்தது. ஊக்கம் குன்றியதால் அவர்கள் வேலை இழக்கவில்லை. வேலை இழந்ததால் ஊக்கம் குன்றினர்.

ஆயினும், பிற்காலத்தில் உளநூல் வேறு வழியிற் பயன்படலாயிற்று. பிரிட்டனில் வேலையற்றோரின் மனப்பான்மையைத் திருத்தும் பயிற்சிகள் புகுந்தன. 350-க்கும் மேற்பட்ட வேலைவாய்ப்பு நிலையங்களில் உளச்சிகிச்சையாளரை அமர்த்தப்போவதாக 2015-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. உள்ளம் நொந்தவர்க்குச் சிகிச்சை வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆனால், குறித்த நாளில் வாராதவரின் உதவித்தொகையை நிறுத்தும் அதிகாரம் உள்ள இடத்தில், ஒருவர் தம் மனத்தைத் திறந்து பேசுதல் எளிதோ? அவ்வாண்டே உளநூலாரும் உளநலப் பணியாளருமாக 400-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுச் செய்தித்தாளில் கண்டனம் தெரிவித்தனர்.

ஆசிரியப் பயிற்சியின்போது நானும் உளநூல் கற்றேன். பின்தங்கிய மாணவனைக் கடியுமுன், அவன் காலையில் உண்டானா என்று கேட்கவேண்டும் என்பதே அதில் நான் பெற்ற முதற்பாடம். அறிவுநூல் ஒன்றே, அதைக்கொண்டு நாம் எழுப்பும் வினாவே அதனை அன்பாகவோ அதிகாரமாகவோ ஆக்குகிறது.

நாளை உங்களுள் சிலர் அலுவலக நாற்காலியில் அமர்ந்து ஏழையரின் விண்ணப்பங்களைப் படிப்பீர்கள். ‘இவர் உள்ளத்தில் என்ன குறை?’ என்று ஆராயுமுன், ‘இவர் ஊரில் எந்த ஆலை மூடப்பட்டது?’ என்று கேட்டறியுங்கள்.