உதயகிரிக் கோட்டையின் பெரிய கப்பித்தான்: ஒரு போர்வீரரின் விசுவாச வாழ்வு



ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் முதியவர் ஒருவர் கேட்ட கேள்விதான் நம் நினைவுக்கு வந்தது. அவர் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு திருப்பலி முடிந்து, தேயிலைச் சரிவுகளில் பனிமூட்டம் கலையாத வேளையில், கோயில் வாசலில் நம்மை நிறுத்தி, "சாமி, துப்பாக்கி பிடிச்ச கை இது. இந்தக் கையில ஜெபமாலையைப் பிடிக்கும்போது சில நாள் மனசு உறுத்துது. சிப்பாய்க்கு மோட்சத்துல இடம் உண்டுங்களா?" என்றார்.

உண்டு என்றோம். ஆண்டவர் வியந்து பாராட்டிய நூற்றுவர் தலைவரையும், புனித இராயப்பரிடம் ஞானஸ்நானம் பெற்ற கொர்னேலியுவையும் எடுத்துக் காட்டினோம். பெரியவர் மரியாதையாகத் தலையசைத்தார். ஆனால் முகம் தெளியவில்லை. "அவங்கெல்லாம் வேதத்துல வர்றவங்க சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தார். நம் மண்ணில் வாழ்ந்து, நம் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்ட ஒரு போர்வீரரைப் பற்றி அன்று நாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடனை இங்கே தீர்க்கிறோம்.

கைதியாய் வந்தவர்

இன்றைய குமரி மாவட்டம் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் பகுதி. மார்த்தாண்ட வர்மா மகாராஜா பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுவந்தார். மிளகு வாணிபத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, இலங்கையிலிருந்து படையனுப்பிக் குளச்சலில் இறக்கியது. 1741-ஆம் ஆண்டு நடந்த அந்தப் போரில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். கடற்கரையின் கத்தோலிக்க மீனவர்கள் அரசர் பக்கம் நின்றார்கள். படகுத் துடுப்புகளைத் தோளில் துப்பாக்கிபோல் சாய்த்து அணிவகுத்து எதிரியை மருட்டினார்கள் என்று அப்பகுதியில் இன்றும் சொல்வதுண்டு.

சிறைப்பட்ட டச்சுப் படையினருள் ஒருவர் எஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய். சீர்திருத்தச் சபையைச் சார்ந்த கம்பெனியில் வேலை பார்த்த கத்தோலிக்கர். மார்த்தாண்ட வர்மா இந்தக் கைதியின் திறமையைக் கண்டுகொண்டு, தம் படையைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். டிலனாய் படையினருக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். பத்மநாபபுரத்துக்கு அருகே, ஒரு குன்றைச் சுற்றி ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில் அமைந்த உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார். அதனுள் பீரங்கி வார்க்கும் உலை எழுந்தது. கடலோரம் வட்டக்கோட்டையையும், வட எல்லையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரண்வரிசையையும் அமைத்த பணியில் அவருக்குப் பெரும் பங்குண்டு. மக்கள் அவரைப் 'பெரிய கப்பித்தான்' என்னும் பொருளில் 'வலிய கப்பித்தான்' என்றழைத்தார்கள்.

வேலையிடத்தில் ஒரு வார்த்தை

உதயகிரிக் கோட்டை வேலையை மேற்பார்வையிட்ட அரசு அலுவலர்களுள் நட்டாலம் ஊரைச் சார்ந்த நீலகண்ட பிள்ளையும் ஒருவர். 1712-இல் பிறந்தவர்; அரண்மனையில் செல்வாக்குடையவர். அவர் வீட்டில் துன்பத்தின்மேல் துன்பம் வந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது. வாடிய முகத்தோடு வேலைக்கு வந்தவரிடம் டிலனாய் காரணம் கேட்டார். கேட்டறிந்தபின், பழைய ஏற்பாட்டிலிருந்து யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார்: உடைமையை இழந்தும், பிள்ளைகளை இழந்தும், இறைவனை இழக்காத மனிதனின் வரலாறு.

அன்பர்களே, இதை நிதானித்துப் பாருங்கள். பிரசங்க மேடையில்லை, ஜெபக்கூட்டமில்லை. கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடக்கும் வேலையிடத்தில் ஒரு படைவீரர், உடன் வேலை செய்பவரின் துயரத்தை விசாரித்து, தம் உள்ளத்தில் இருந்ததைச் சொன்னார். அவ்வளவே. நீலகண்ட பிள்ளை மேலும் மேலும் கேட்டறிந்தார். அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குருவானவர் புத்தாரி அடிகளிடம் டிலனாய் அனுப்பிவைத்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று, இலாசர் என்னும் பெயருக்குத் தமிழான தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் பின்னர் திருமறையைத் தழுவி ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

மறைக்கக் கூடாத உண்மை

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1749-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோகப்பட்டார், அடியுண்டார், சிறையில் வாடினார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

சுட்டவர்கள் அரசரின் வீரர்கள். அந்த அரசரின் படையைப் பழக்கியவர் டிலனாய். தாம் விசுவாசத்துக்கு வழிகாட்டிய நண்பர் கொல்லப்பட்ட பின்னும் அவர் அரச பணியில் நீடித்தார். மார்த்தாண்ட வர்மா 1758-இல் மறைந்தபின் அடுத்து வந்த தர்மராஜா காலத்திலும் நீடித்தார். இருபத்தைந்து ஆண்டுகள்!

விழா மலர்களில் இத்தகைய இடங்களைத் தொடாமல் தாண்டிப் போவது வழக்கம். அப்படித் தாண்ட நமக்கு மனமில்லை. ஏனெனில் நம் பெரியவரின் கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது. சத்தியம் செய்து கொடுத்த விசுவாசமும், ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசமும் ஒரே நெஞ்சில் மோதினால் மனிதன் என்ன செய்வான்? தேவசகாயம் உயிரைக் கொடுத்தார். டிலனாய் உயிரோடிருந்து அந்தப் பாரத்தைச் சுமந்தார். டிலனாயை அப்பழுக்கற்றவராக்க நாம் முயலவில்லை. அவரைக் கல்லெறியவும் நமக்குத் துணிவில்லை. நம்மில் பலர் அவரைப் போன்றவர்களே.

மகனும் மனைவியும்

டிலனாயின் மனைவி பெயர் மார்கரீத்தா. மகன் யோவான். தந்தையைப் போலவே மகனும் ஆயுதம் ஏந்தினான். 1765-இல் களக்காட்டுப் போரில், இருபது வயது நிரம்பாத அந்த இளைஞன் உயிர் நீத்தான். ஊரார் பிள்ளைகளைப் போருக்குப் பழக்கிய தந்தை, தம் சொந்தப் பிள்ளையைப் போருக்குக் கொடுத்தார். ஒரு காலத்தில் நண்பருக்குச் சொன்ன யோபுவின் கதை, இப்போது அவருடைய வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பிறருக்குச் சொன்ன ஆறுதலைத் தாமே நம்பி வாழ வேண்டிய நாள் எல்லாருக்கும் வரும். குருக்களாகிய எமக்கும் வரும்.

அதன்பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் பணி செய்து, 1777-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் டிலனாய் உதயகிரியில் கண்மூடினார். கோட்டைக்குள்ளிருந்த சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவியும் மகனும் அதே ஆலயத்தில் துயில்கின்றனர். அவர் கல்லறைக் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. எதிரியாய் வந்திறங்கியவருக்கு நம் தாய்மொழியில் கல்லறை எழுத்து! அவர் எழுப்பிய நெடுங்கோட்டையில், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கோட்டை வளாகம் இன்று வனத்துறையின் பூங்கா. ஆலயத்துக்குக் கூரையில்லை, கல்லறைகள் இருக்கின்றன.

நம் மலையும் அந்தக் கோட்டையும்

தெற்கே வெகு தொலைவிலுள்ள கோட்டைக்கும் நம் சோலூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உதகை வழியாகக் குன்னூர் போகும் வழியில் வெலிங்டன் இருக்கிறதல்லவா? அங்குள்ளது மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம். அந்த ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாளம் பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்தது. ஆண்டுதோறும் சூலை 31 அன்று குளச்சல் வெற்றித்தூணுக்கு அது வணக்கம் செலுத்துகிறது. ஆகவே டிலனாய் பழக்கிய படையின் வாரிசுகள் நம் மலையில் அணிவகுத்து நடக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

2012 டிசம்பர் 2 அன்று தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். பெரிய கப்பித்தானுக்குப் பீடமில்லை, திருநாளில்லை. ஆயினும் புனிதரின் வரலாற்றை எவர் எந்த மேடையில் சொன்னாலும், யோபுவின் கதையைச் சொன்ன அந்தப் படைவீரரின் பெயரைச் சொல்லாமல் தொடர முடியாது.

ஆகவே, கேள்வி கேட்ட பெரியவரே, உமக்கு நாம் தரும் பதில் இதுதான். துப்பாக்கி பிடித்த கையை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. அந்தக் கைதான் ஒரு புனிதரைக் குருவானவரிடம் அனுப்பிவைத்தது. நீர் பட்டாளத்தில் எந்தத் தோழனுக்கு ஆறுதல் சொன்னீர், இந்த ஊரில் எந்த வீட்டுத் துயரத்தில் முதல் ஆளாய்ப் போய் நின்றீர் என்பதை நீர் மறந்திருக்கலாம், ஆண்டவர் மறப்பதில்லை. உறுத்தும் அந்த மனசோடேயே ஜெபமாலையைப் பிடியும்.

மற்ற பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் படைப்பணி முடித்து வந்த பெரியவர் இருந்தால், இந்த ஜூபிலி ஆண்டில் ஒரு மாலைப்பொழுது அவர் அருகில் உட்காருங்கள். அவர் எங்கே காவல் நின்றார், எதற்காக ஜெபித்தார் என்று கேளுங்கள். அடுத்த விழா மலருக்கு அதுவே கட்டுரையாகட்டும்.

புனித தேவசகாயமே, எங்கள் பங்கிற்காக வேண்டிக்கொள்ளும்.