இசிஜி பேப்பர்ல ஓடுற ரம்பப் பல்லு

1/ நாமகிரிப்பேட்டை பக்கம் ஒரு நைட் டியூட்டி. மஞ்சள் மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர், நெஞ்சு வலின்னு வந்தார். இசிஜி எடுத்தா கோட்டுக்குப் பதிலா ரம்பப் பல்லு. எஸ்டி ஏறியிருக்கா இல்லையான்னே தெரியலை. "ஃபில்டர் போடட்டுங்களா டாக்டர்?"னு சிஸ்டர் கேட்டாங்க. இருங்கன்னேன். ஏன்னு சொல்ல 120 வருஷம் பின்னாடி போகணும்.

2/ நெதர்லாந்தின் லைடன் நகரம். வில்லெம் ஐந்தோவன் செஞ்ச இசிஜி கருவியோட எடை சுமார் 270 கிலோ. இயக்க 5 பேர் வேணும். நோயாளி ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணி ஜாடியில வச்சு உட்காரணும். 1924-ல நோபல் பரிசு.

3/ ஜாடி எதுக்கு? காய்ஞ்ச தோல் வழியா சிக்னல் சரியா வராது. இதயத்தோட மின்சாரம் தோலுக்கு வரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான். சுவத்து வயர்ல 230 வோல்ட். ரெண்டு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு! வயர் உடம்பைத் தொட வேண்டியதில்லை. பக்கத்துல இருந்தாலே அதோட அலை உடம்புல ஏறும்.

4/ நம்ம பக்கம் 1937-ல மேட்டூர்ல மின் உற்பத்தி ஆரம்பிச்சது. கரண்ட் ஊருக்குள்ள வந்தப்போ இந்த இரைச்சலும் கூடவே வந்துச்சு. அடையாளம் சுலபம்: வினாடிக்கு 50 அலை. பேப்பர்ல ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள சரியா 2 பல்லு. ஒழுங்கில்லாம இருந்தா அது நோயாளியோட நடுக்கம்.

5/ 1934-ல இங்கிலாந்தின் மேத்யூஸ் ஒரு ஆம்ப்ளிஃபயர் செஞ்சார். ரெண்டு முனைக்கும் பொதுவா வர்ற இரைச்சலைக் கழிச்சுட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்கும். வலது கால்ல மாட்டுற கிளிப் இருக்கே, அது இதயத்தைப் பார்க்கிறதே இல்லை. இரைச்சலைத் தலைகீழாக்கி உடம்புக்கே திருப்பி அனுப்புது. அது காய்ஞ்சு போனா பேப்பர் முழுக்கப் பல்லுதான்.

6/ "கடையில விக்கிற மலிவு லைன் ஃபில்டர் மாட்டிடலாமே?" அதுல இருக்கிறது ஒரு சோக், சில கெப்பாசிட்டர். சார்ஜர், எல்இடி பல்பு கிளப்புற அதிவேக இரைச்சலைத்தான் தடுக்கும். 50 ஹெர்ட்ஸை விட்டுரும், ஏன்னா கரண்ட்டே அதுதான். இன்னொன்னு: அது இரைச்சலை எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லைன்னா மெஷின் பாடியிலயே கசிவு நிக்கும். ரேடியோவுக்கு ஓகே. நோயாளி உடம்புல மாட்டுற மெஷினுக்கு நாமளா மாட்டக்கூடாது.

7/ மெஷின்லயே இருக்கிற ஃபில்டர்? 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டுறது பெருசா கெடுக்காது. தசை ஃபில்டர் 35-40 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறதை வெட்டிடும். பெரியவங்க இசிஜிக்கு 150 வரைக்கும் வேணும். கோடு அழகாகும், சின்ன க்யூ அலை மழுங்கிடும். அழகான இசிஜி வேற, உண்மையான இசிஜி வேற.

8/ அன்னைக்கு என்ன செஞ்சோம்? கட்டிலைச் சுவத்துல இருந்து நகர்த்தினோம். பக்கத்து பிளக்ல இருந்த செல் சார்ஜரைக் கழட்டினோம். தோலைத் துடைச்சு, வலது கால் கிளிப்புக்கு ஜெல் போட்டு, மெஷினை பேட்டரியில ஓட்டினோம். மொத்தம் 2 நிமிஷம், செலவு பூஜ்யம். கோடு தெளிஞ்சது. 2, 3, ஏவிஎஃப்ல எஸ்டி ஏறியிருந்துச்சு. மாத்திரை கொடுத்து 108-ல அனுப்பினோம். காலையில எலக்ட்ரீஷியன் பார்த்தா, அந்த பிளக்குக்கு எர்த் வயரே இல்லை.

9/ அடுத்த தடவை சிஸ்டர் "செல்லைத் தள்ளி வைங்க, ஆடாம படுங்க"ன்னா கோவிச்சுக்காதீங்க. வீட்டுல மூணு முனை பிளக்கோட பெரிய முனையை உடைச்சுட்டுச் சொருகுறவங்க யாராவது இருந்தா, இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க.