வேர் அறிந்து நீர் விடுதல்

பழத்தோட்டத்திற்குப் பாய்ச்சும் நீர் முழுவதையும் மரமே குடிக்கின்றதா? ஆசிரியப் பணியில் இருந்த நாளில் நான் வகுப்பில் இவ்வினாவை எழுப்புவதுண்டு. பாத்தி நிறைய விட்ட நீரில் ஒரு பங்கை வெயில் கவர்ந்துகொள்கிறது. ஒரு பங்கு வேருக்கு எட்டாத ஆழத்தில் இறங்கிவிடுகிறது. களையும் தன் பங்கைப் பெறுகிறது. எஞ்சியதே மரத்திற்கு. வறண்ட நாடுகளில் இவ்விழப்பைக் குறைக்க மனிதன் செய்த முயற்சிக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

கி.மு. முதல் நூற்றாண்டில் சீன நாட்டில் ஃபான் செங்சி என்பார் ஓர் உழவு நூல் இயற்றினார். அதன் சில பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. முலாம்பழக் குழியின் நடுவே மட்பானையைப் புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் விதையிடுமாறு அது கூறுகிறது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் வேரருகே மட்டும் பரவும். சிறு தோட்டத்திற்கு இது நல்ல முறை. ஆனால் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு யார் பானை நிரப்புவது?

இதற்கு விடை கண்டவர் சிம்கா பிளாஸ் என்னும் நீர்ப் பொறியாளர். 1897இல் வார்சாவில் பிறந்து பாலஸ்தீனத்தில் குடியேறியவர். 1930களில், சுற்றியிருந்தவற்றைவிட ஓங்கி வளர்ந்த ஒரு மரத்தைக் கண்டதாக அவர் பின்னாளில் கூறினார். அதனருகே குழாய் ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. மேலே நனைந்த இடம் சிறிது. மண்ணுக்குள்ளே ஈரம் அகன்று விரிந்திருந்தது.

எனினும், மிகச் சிறிய துளையிட்டால் தூசி அடைத்துக்கொள்ளும். பெரிதாக்கினால் நீர் பாயும். பிளாஸ் நீருக்கு நீண்டு சுழலும் பாதை அமைத்தார். வழியின் நீளம் நீரின் வேகத்தை அடக்கியது. ஆகவே துளையைச் சற்று அகலமாக வைக்க முடிந்தது. மலிவான பிளாஸ்டிக் குழாய் வந்த பின்னரே இக்கருத்து செயலுக்கு வந்தது. 1965இல் நெகேவ் பாலைநிலத்திலுள்ள ஹட்செரிம் கூட்டுப் பண்ணை அவருடன் உடன்படிக்கை செய்து, இக்கருவியைச் செய்யும் தொழிலைத் தொடங்கியது. இன்று நம் மா, தென்னந் தோப்புகளிலும் சொட்டுநீர்க் குழாய்களைக் காண்கிறோம்.

இம்முறைக்கும் காவல் வேண்டும். நீரை வடிகட்ட வேண்டும். ஈரத்தின் விளிம்பில் சேரும் உப்பைக் கவனிக்க வேண்டும். அனைத்திலும் முக்கியமானது ஒன்று: மிச்சமான நீரைக்கொண்டு மேலும் ஒரு தோப்பு வைத்தால், கிணற்றின் நீர்மட்டம் உயராது. குழாய் நீரை அளந்து தரும். ஆசையை அளக்க வேண்டியவன் மனிதனே.