பீர் மண்டபத்தில் பிறந்த அரசியல்

ஜெர்மனியின் தென்பகுதியில் இருக்கும் பவேரியா மாநிலத்தின் தலைநகரம் மியூனிக். அங்கே போகிற சுற்றுலாப் பயணிகளில் பலரும் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கிற இடம் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற பீர் மண்டபம். வளைந்த கூரை, நீளமான மர மேஜைகள், காதைத் துளைக்கும் வாத்திய இசை, ஒரு லிட்டர் குவளைகளை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு நடக்கும் பணியாளர்கள்... எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். 'இங்கே இடம் காலியா?' என்று கேட்டுவிட்டு முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது அங்கே வழக்கம். பல வருடங்களாக வருகிற வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அவர்களுக்கென்று மேஜையும், சொந்தக் குவளையைப் பூட்டி வைக்கப் பெட்டியும் உண்டு.

இவ்வளவு கலகலப்பான இதே கட்டடத்தில்தான் ஹிட்லரின் கட்சியும் தன் கொள்கைகளை உலகத்துக்கு அறிவித்தது. போயும் போயும் ஒரு பீர் மண்டபத்திலா என்று தோன்றுகிறதல்லவா? அதற்குப் பதில் வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் பவேரிய அரண்மனைக்கு நல்ல பீர் வடக்கே ஐன்பெக் என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் 1589ல் ஐந்தாம் வில்ஹெல்ம் அரண்மனைக்கென்றே சொந்தமாக ஒரு பீர் ஆலையை ஏற்படுத்தினார். அவருடைய மகன் முதலாம் மாக்சிமிலியன் அதிலேயே வருமானத்துக்கும் வழி கண்டுபிடித்தார். 1516ஆம் வருடச் சட்டப்படி பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே சேர்க்கலாம். கோதுமை பீர் தயாரிக்கும் உரிமை ஒரு பிரபுக் குடும்பத்திடம் மட்டும் இருந்தது. 1602ல் அந்தக் குடும்பத்துக்கு வாரிசு இல்லாமல் போக, உரிமை மாக்சிமிலியன் கைக்கு வந்தது. 1607ல் கோதுமை பீருக்காக புதிய ஆலை கட்டப்பட்டது. இன்றைய மண்டபம் இருப்பது அந்த இடத்தில்தான்.

1828ல் மன்னர் முதலாம் லுட்விக் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். மியூனிக் மக்களுக்கு பீர் வெறும் போதைப் பொருள் அல்ல, அன்றாட உணவின் ஒரு பகுதி. 1844 மே மாதம் பீர் விலை ஏறியதும் ஊரே கொதித்து எழுந்து ஆலைகளைத் தாக்கியது. கடைசியில் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று! 1896ல் பீர் தயாரிப்பு நகரின் வேறு பகுதிக்குப் போனது. பழைய இடம் 1897ல் முழுக்க முழுக்க விருந்து மண்டபமாக மாறியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் மழை, குளிர் பாராமல் ஒன்றாக உட்காரக்கூடிய மண்டபங்கள் அந்த ஊரில் பீர் கம்பெனிகளிடம் இருந்தன. கூட்டம் நடந்தால் பீர் விற்கும். ஆகவே எந்தக் கட்சிக்கும் கதவு திறந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்ற பிறகு, 1919 ஏப்ரல் 13 அன்று கம்யூனிஸ்டுகள் தங்கள் ஆட்சியை அறிவித்தது ஹோஃப்பிராய்ஹவுஸில்தான். அந்த ஆட்சி மே மாதத் தொடக்கத்தில் இரத்தக்களரியில் முடிந்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1920 பிப்ரவரி 24 அன்று அதே கட்டடத்தின் மாடியில், சுமார் 2000 பேர் முன்னால் ஹிட்லர் 25 அம்சத் திட்டத்தை வாசித்தார். யூதர்கள் ஜெர்மானியக் குடிமக்களாக இருக்க முடியாது என்பதும் அதில் ஒன்று. குவளைகளோடு உட்கார்ந்திருந்த கூட்டம் அதற்குக் கை தட்டியது.

1923 நவம்பர் 8 அன்று ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்றதும் ஒரு பீர் மண்டபத்திலிருந்துதான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அதன் பெயர் பியூர்கர்பிராய்கெல்லர். முயற்சி தோற்றது. ஆனால் 1933ல் பதவிக்கு வந்தபின் வருடாவருடம் அதே நாளில் அங்கே வந்து அவர் பேசுவது சடங்கானது.

அந்தச் சடங்கைக் கவனித்தவர்களில் ஒருவர் கியோர்க் எல்சர் என்ற தச்சர். 1939ல் அவர் அங்கே இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மண்டபம் பூட்டும்வரை ஒளிந்திருப்பார். பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைவார். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள்! நவம்பர் 8 அன்று இரவு 9.20க்கு அவர் வைத்த குண்டு வெடித்தது. ஆனால் பனிமூட்டத்தால் விமானத்துக்குப் பதில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்த ஹிட்லர், 13 நிமிடம் முன்பே கிளம்பிவிட்டிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அங்கே பரிமாறிய பெண். எல்சர் 1945 ஏப்ரலில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார்.

போரில் குண்டு விழுந்து சிதைந்த ஹோஃப்பிராய்ஹவுஸ் 1958ல் முழுதாக மீண்டது. 2004ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் அதன் நகலே திறக்கப்பட்டது. பியூர்கர்பிராய்கெல்லர் 1979ல் இடிக்கப்பட்டது. எல்சர் குடைந்த தூண் நின்ற இடத்தில் இப்போது தரையில் அவர் பெயர் பொறித்த ஒரு தகடு இருக்கிறது. மியூனிக் போகிறவர்கள் குவளையைக் காலி செய்துவிட்டு, ஆற்றைக் கடந்து அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.