குடும்பச் சுமையும் கட்டாய இராணுவ சேவையும்

கட்டாய இராணுவ சேவையை மறுத்தவர்கள் என்றதும், மனச்சாட்சியின் பேரில் ஆயுதமேந்த மறுத்தவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். முதலாம் உலகப் போர்க் காலப் பிரித்தானியா பற்றிய நூல்களும் பெரும்பாலும் அவர்களையே பேசுகின்றன. ஆனால், 'நான் போய்விட்டால் வீட்டைப் பார்ப்பவர் யார்?' என்று கேட்டு நின்றவர்களை வரலாறு அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

1916 ஜனவரியில் பிரித்தானியப் பாராளுமன்றம் இராணுவ சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. 18 வயதுக்கும் 41 வயதுக்கும் இடைப்பட்ட மணமாகாத ஆண்கள், மார்ச் 2 முதல் படையில் சேர்ந்தவர்களாகவே கருதப்பட்டனர். மே மாதத்தில் மணமானவர்களையும் உள்ளடக்கிச் சட்டம் விரிவாக்கப்பட்டது. அயர்லாந்துக்கு அது பொருந்தவில்லை.

விலக்குக் கோருவதற்கு நான்கு காரணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நாட்டுக்கு அவசியமான தொழில், உடல்நலக் குறைவு, மனச்சாட்சி ஆகியன மூன்று. பொருளாதார, தொழில் அல்லது குடும்ப நிலை காரணமாக நேரக்கூடிய கடும் இடர் நான்காவது.

கடும் இடர் எது என்பதை அளக்க அச்சட்டத்தில் அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. ஊர்தோறும் அமைக்கப்பட்ட நியாயசபைகளே அதைத் தீர்மானித்தன. நகரசபை உறுப்பினர்கள், வணிகர்கள் போன்ற உள்ளூர்ப் பிரமுகர்கள் அவற்றில் அமர்ந்தனர். இராணுவத்தின் பிரதிநிதி ஒருவரும் உடனிருந்து ஆட்சேபிப்பார். விதவைத் தாயைக் காப்பாற்றும் மகனும், ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவனும் தம்மை அறிந்தவர்கள் முன்னிலையிலேயே வீட்டு வரவு செலவை விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பலருக்குக் கிடைத்தது சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ உரிய தற்காலிக விலக்கு மாத்திரமே. தவணை முடிந்ததும் மீண்டும் அதே வாசலில் நிற்க வேண்டும். 1916 ஜூன் இறுதிக்குள் 748,587 பேர் இவ்வாறு விண்ணப்பித்திருந்தனர்.

போர் முடிந்த பின்னர், 1921 இல், இந்த ஆவணங்களை அழித்துவிடுமாறு சுகாதார அமைச்சு பணித்தது. மத்திய நியாயசபையின் ஆவணங்களும், மாதிரிக்கென மிடில்செக்ஸ் மேன்முறையீட்டு நியாயசபையின் கோவைகளும் பேணப்பட்டன. அந்தக் கோவைகளில் உள்ள 11,307 வழக்குகளில் மனச்சாட்சி பற்றியவை 577 மட்டுமே. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை பிழைப்பும் குடும்பமும் நோயும் பற்றியவை.

கோவைகள் அழிந்த ஊர்களில் நடந்த விசாரணைகளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தித்தாள்கள் வழியாகவே. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நியாயசபையின் மூலையில் அமர்ந்திருந்த, பெயர் தெரியாத நிருபர் ஒருவர் நான்கு வரிகளில் எழுதி வைத்ததனால்தான், அரசு மறக்க விரும்பிய ஒரு வீட்டின் கதை இன்றும் எஞ்சியிருக்கிறது.